மிளகாய் அரைக்கப் போன கார்

போத்தனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், கார்களுக்கு டேப் செட்டும் ஸ்பீக்கரும் மாட்டிக்கொடுக்கும் கடை வைத்திருந்தார் ஆறுச்சாமி. அவரிடம் வண்டி விட்டவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது திட்டு வாங்கியவர்கள்தான். சத்தத்தை ஏற்றி வைத்து ஸ்பீக்கரைக் கிழித்துக்கொண்டு வந்தால் திட்டுவார். கிழிக்காமல் வந்தால், இத்தனை நல்ல செட்டை வாங்கி வைத்துக்கொண்டு முணுமுணுவென்று பாட்டுக் கேட்கிறாயே என்று அதற்கும் திட்டுவார். அப்படியும் வண்டிகள் வந்துகொண்டேதான் இருந்தன. காரணம் அவருடைய காது. முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டுக் கேட்டாரென்றால், எந்த ஸ்பீக்கருக்கு ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், எந்த ஒயர் தகரத்தில் உரசுகிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதைப் பற்றி அவருக்கு இருந்த கர்வத்தை அளக்கக் கோயமுத்தூரில் படி கிடையாது.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தென்னந்தோப்பில் கூலி வேலை செய்தார்கள். ஆறுச்சாமிக்குத் தேங்காய் உரிக்கப் பிடிக்கவில்லை, மைக்செட்காரர் ஒருவருக்குப் பின்னால் போய்விட்டார். நோம்பி, திருவிழா என்றால் புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். கல்யாண வீட்டில் அவரைப் பந்தியில் உட்காரச் சொல்லாதவர்கள்கூட, பாட்டு நின்றுபோனால் அவரைத்தான் தேடினார்கள். கார்களில் டேப் செட் பெருகிய காலத்தில் போத்தனூருக்கு வந்து கடை போட்டார். மாசாணியம்மாளைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தார். யார் முன்னாலும் கைகட்டி நிற்காமல் பிழைக்கிறோம் என்பதுதான் அவருடைய சொத்து. ஆறுச்சாமி கடையில் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது. வினை வந்ததும் அந்தப் பேச்சுக்குத்தான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் என்று நினைவு. பெரியநாயக்கன்பாளையத்தில் பவுண்டரி வைத்திருந்த சீனிவாசலு ஒரு புதுக்கார் வாங்கினார். அவர் மனைவி ராமாமணியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து டேப் செட், ஆம்ப்ளிஃபயர், நான்கு ஸ்பீக்கர் எல்லாம் அனுப்பி வைத்திருந்தார். தம்பி அனுப்பிய சாமான் என்பதால் ராமாமணியே கூட வந்து, பெட்டியைப் பிரிக்கும்வரை கடை வாசலில் நின்றார். வண்டிக்கு இன்னும் பூசை போடவில்லை, பூசை போடாத வண்டியில் துளை கிளை போட்டு அதன் உடம்பைக் காயப்படுத்திவிடாதே என்று ஆறுச்சாமியிடம் கண்டிப்பாகச் சொன்னார். வேறு யாராவது அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்திருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இது சாமி காரியம். பூசை போடாத வண்டியில் துளை போட ஆறுச்சாமிக்கே மனசு வராது. சரிங்கம்மா என்று தலையாட்டிவிட்டு, துளை போடாமலே வேலையை முடித்துக் கொடுத்தார். கடை வாசலில் பாட்டு அத்தனை சுத்தமாகக் கேட்டது. சீனிவாசலுகூடத் தலையை ஆட்டினார்.

ரோட்டில் போனதும் வேறு கதை ஆகிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு விசில். வண்டி வேகம் எடுத்தால் விசிலும் ஏறும், வேகம் குறைந்தால் இறங்கும். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டால் பாட்டு சுத்தமாக இருக்கும். ஆறுச்சாமியிடம் திரும்பக் கொண்டுவந்திருந்தால் அவர் இரண்டு திட்டுத் திட்டிவிட்டுச் சரிசெய்திருப்பார். அவர்களோ வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த எலக்ட்ரீசியன் தம்பிதுரையிடம் காட்டினார்கள். தம்பிதுரைக்கு லைட்டும் ஹாரனும் தெரியும், இதெல்லாம் தெரியாது. தெரியாது என்று சொன்னால் கௌரவம் போய்விடும் அல்லவா? சிங்கப்பூர்ச் சாமான் இப்படிச் சத்தம் போடாது, யாரோ ஒரிஜினலைக் கழற்றிக்கொண்டு டெல்லி டூப்ளிகேட்டை வைத்திருக்கிறார்கள் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

மறுநாளே புதுக்கார் ஆறுச்சாமி கடை முன்னால் வந்து நின்றது. ராமாமணி கடைக்குள் வரவில்லை. தெருவில் நின்றபடியே, பக்கத்துத் தையல்கடை சாயிரா பானுவுக்கும் எதிர்த்த டீக்கடைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஏம்ப்பா, என்ற தம்பி அனுப்புன சாமானை எங்க கொண்டுபோய் வித்தே?"

ஆறுச்சாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அது நல்லதாகப் போயிற்று. சீனிவாசலு காரைவிட்டு இறங்காமலே, விசிலையும் தம்பிதுரை சொன்னதையும் சொல்லி, எடுத்ததைக் கொடுத்துவிடு, போலீசுக்கெல்லாம் போகவில்லை என்று பெருந்தன்மை காட்டினார். அந்தப் பெருந்தன்மைதான் ஆறுச்சாமிக்கு இன்னும் எரிந்தது. வண்டியின் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நம் ஆள் யார்?

"திருடன்னு சொன்ன வண்டியில இனி நான் கை வெக்க மாட்டனுங்க. ஓட்டிட்டுப் போங்க."

"சரி, நீ கை வெக்க வேண்டாம். ஆத்தா வெப்பா. வர்ற அமாவாசைக்கு ஆனைமலையில உன்ற பேரைச் சொல்லி மொளகா அரைக்கறேன்" என்றார் ராமாமணி.

ஆனைமலை மாசாணியம்மனிடம் மிளகாய் அரைப்பது என்றால் இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொருளைப் பறிகொடுத்தவர்கள், அநியாயம் பட்டவர்கள் அங்கே போய் வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அந்த எரிச்சல் குற்றவாளியைத் தேடிப் போகும். கோர்ட்டுக்குப் போனவன்கூடத் தூங்குவான், மிளகாய் அரைக்கப்பட்டவன் தூங்க மாட்டான் என்று இங்கே நம்பிக்கை.

"நானும் வாரனுங்க. அதே கார்ல வாரேன். என்ற பேரைச் சொல்லி அரைக்கறதை நானே பக்கத்துல நின்னு பாக்கோணும்" என்றார் ஆறுச்சாமி.

அமாவாசைவரை அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். வண்டி விடுகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதை நிறுத்தினார்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். டாஷ்போர்டில் கிடக்கும் கேசட்டுகளைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். அதையெல்லாம் அவர் திட்டித் தீர்த்துக்கொண்டார். சாயிரா பானுவைத்தான் திட்ட முடியவில்லை. அந்தம்மா தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம், "அண்ணா, கடையைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர். இப்போது எதுவும் சொல்லாமல் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார். பூட்டும்போது இவர் பக்கம் திரும்பாமல் இருந்தார். அந்தப் பூட்டுச் சத்தம் ஆறுச்சாமியின் காதில் விழுந்த மாதிரி வேறு எந்தச் சத்தமும் விழுந்ததில்லை. வீட்டுக்குப் போய் அன்று அவர் சாப்பிடவில்லை.

அமாவாசை அன்று காலையில் மாசாணியம்மாள் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சாமியின் பேரையே வைத்துக்கொண்டிருக்கிறவர், பயம் இல்லாமல் இருக்குமா?

"ஏனுங்க, நீங்க திருடலை. அது எனக்குத் தெரியும். ஆனா அந்த வண்டியில வேற ஏதாச்சும் தப்பு நம்ம கையில நடந்திருந்தா ஆத்தா முன்னாடி ஒத்துக்கிட்டு வந்துருங்க. மொளகாய்க்கு இந்தத் தப்பு வேற, அந்தத் தப்பு வேறன்னெல்லாம் தெரியாதுங்க."

என் கையில் தப்பா என்று அவரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் ஆறுச்சாமி கிளம்பினார்.

கார் வந்தது. சீனிவாசலுவே ஓட்டினார். ராமாமணி பின்சீட்டில், மடியில் ஒரு பொட்டலத்தோடு. தங்கள் தோட்டத்தில் விளைந்த மிளகாய், வெளியில் வாங்கியதல்ல என்று கேட்காமலே சொன்னார். பின்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் ஆறுச்சாமி உட்காருவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அதனால் முன்சீட்டுக் கிடைத்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. இவருக்குப் புரியாது என்று நினைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுப் பாஷையான தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பெரியநாயக்கன்பாளையத்து வண்டிகளாகப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தெலுங்குத் திட்டெல்லாம் அத்துப்படி. இவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் பெண்டாட்டிக்கும் ஆத்தா பேராக இருக்கும்போது கூட வந்து உட்காருவான் என்று ராமாமணி சொன்னதும் புரிந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீனிவாசலு, நீயே கேள் என்று பாட்டைப் போட்டார். விசில் வந்தது. பொள்ளாச்சி ரோட்டில் வண்டி வேகம் எடுக்க எடுக்க, பாட்டுக்கு மேலே ஏறி நின்று ஊதியது. ஆறுச்சாமிக்குக் கேவலமாக இருந்தது, தான் மாட்டிய செட் இப்படி அழுகிறதே என்று. டைனமோ சத்தம் எங்கிருந்தோ உள்ளே கலக்கிறது என்பது கேட்டதுமே தெரிந்துவிட்டது. எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. புது வண்டி, டைனமோவில் கோளாறு இருக்காது. தம்பிதுரைதான் எதையோ கிண்டி வைத்திருப்பான் என்று மனசுக்குள் முடிவு கட்டினார். அப்படி முடிவு கட்டியதில் ஒரு சுகம் இருந்தது.

கிணத்துக்கடவு வந்தது. ரோட்டோரத் தோப்புகளைப் பார்த்ததும் அப்பாவின் ஞாபகம். ஒரு தடவை தோப்பில் தேங்காய்க் குவியல் குறைந்துபோனதென்று தோட்டத்துக்காரர் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்பா எடுக்கவில்லை. வீட்டில் சட்னி அரைக்கக்கூட ஒரு மூடி கிடையாது. இருந்தும் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழுந்தார். எடுக்கவில்லை என்று சாதித்திருந்தால் வேலை போயிருக்கும், ஒத்துக்கொண்டதால் வேலை நிலைத்தது. வீட்டுக்கு வந்து அப்பா எப்போதும்போலச் சோறு தின்றார். ஆறுச்சாமிக்கு அதுதான் பொறுக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த கோபம், வாழ்நாளில் யாரிடமும் என் தப்பு என்று சொல்ல விடாமல் அவரைப் பிடித்து வைத்திருந்தது.

ஊரைத் தாண்டியதும் சீனிவாசலு ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார். போகிற இடம் எது என்ற நினைப்பாவது இருக்கிறதா என்று ராமாமணி பின்னாலிருந்து அதட்டினார். அவர் காதில் வாங்காமல் டாஷ்போர்டில் இருந்த லைட்டரை அழுத்தினார்.

அழுத்திய கணம் பாட்டு சோர்ந்தது, விசில் இரண்டு மடங்கு ஆயிற்று. லைட்டர் சூடேறி டக்கென்று வெளியே வந்ததும் பாட்டு பழையபடி ஆனது.

ஆறுச்சாமிக்கு விளங்கிவிட்டது. பேட்டரியிலிருந்து செட்டுக்கு வரும் கரண்டு, வண்டியின் தகரம் வழியாகத்தான் திரும்பிப் போகும். அதற்கு எர்த் என்று பெயர். எல்லா வண்டியிலும் தகரத்தில் ஒரு சின்னத் துளை போட்டு, பெயிண்டைச் சுரண்டி, அழுத்தமாக ஸ்க்ரூ முடுக்கித்தான் எர்த் கொடுப்பார். இந்த வண்டியில் துளை போடக் கூடாது என்று சொன்னதால், அப்போதைக்கு இருக்கட்டும் என்று லைட்டருக்குப் போகும் மெல்லிய கறுப்பு ஒயரில் முடிந்து வைத்தார். பூசை முடிந்ததும் கொண்டுவரச் சொல்லி ஸ்க்ரூ போட நினைத்தவர், அதைச் சொல்லவே மறந்துபோனார். அந்த மெல்லிய ஒயர் இரண்டு சுமையையும் தாங்காமல்தான் டைனமோ சத்தம் உள்ளே புகுந்தது. தம்பிதுரை எதையும் கிண்டவில்லை. டைனமோ எதுவும் செய்யவில்லை. தப்பு இவருடையது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் திருடன் இல்லை என்று ஆகும், ஆனால் வேலை தெரியாதவன் என்று ஆகும். அதுவும் இந்த அம்மாளிடமா? அதைவிட இன்னொரு எண்ணம் அவருக்கு இனித்தது. அரைக்கட்டும். திருடாதவன் பேரைச் சொல்லி அரைத்தால் அந்த எரிச்சல் அரைத்தவர் வீட்டுக்கே திரும்பும் என்று சொல்வார்கள். நன்றாக அரைக்கட்டும், தங்கள் தோட்டத்து மிளகாயையே அரைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தார். பொள்ளாச்சி வரைக்கும் அந்த நினைப்பு அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அப்புறம் காலையில் மாசாணியம்மாள் சொன்னது உள்ளே அரிக்க ஆரம்பித்தது. மிளகாய்க்கு இந்தத் தப்பு வேறு, அந்தத் தப்பு வேறு என்று தெரியாது. திருட்டுக்கென்று அரைத்த மிளகாய், மறந்துபோன ஒரு ஸ்க்ரூவுக்காகத் தன் வீட்டுக்கு வந்து நின்றால்?

கோயிலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்கள். அமாவாசைக் கூட்டம். ராமாமணி பொட்டலத்தோடு இறங்கி நாலடி வைத்தார்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா" என்றார் ஆறுச்சாமி.

சீனிவாசலுவிடம் வண்டியோடு வந்த டூல்ஸ் பையை எடுத்துத் தரச் சொன்னார். முன்கதவைத் திறந்து காலை வெளியே நீட்டிக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். கறுப்பு ஒயரிலிருந்து தன் முடிச்சை அவிழ்த்தார். அன்றைக்கே இது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு, பாடியிலேயே முடுக்கியிருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்துப் பெயிண்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்ததும் ஒயரை வைத்து முடுக்கினார். வெளியே வந்து பாட்டைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். சீனிவாசலு மிதித்தார். பாட்டு மட்டும் கேட்டது.

பூக்கடைக்காரர்களும் தேங்காய் வாங்க வந்தவர்களும் என்ன என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். அந்த வார்த்தை வெளியே வருவதற்குள் அவர் முகம் போன போக்கு பார்க்கச் சகிக்காது.

"தப்பு என்னுதுங்க, மொதலாளி. எர்த்தை மாத்திக் குடுக்க மறந்துபோட்டேன். உங்க சாமான் எல்லாம் உங்க வண்டியிலயேதான் இருக்குது."

சீனிவாசலு வாய்விட்டுச் சிரித்தார். அட இவ்வளவுதானா, இதற்கா இத்தனை தூரம் பெட்ரோல் போட்டு வந்தோம் என்றார். இனிமேல் பவுண்டரி வண்டி எல்லாவற்றையும் உன்னிடமே விடுகிறேன் என்று தோளில் தட்டினார். ராமாமணி காரையும் ஆறுச்சாமியையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஒரு ஏமாற்றம்கூட இருந்தது. பிறகு, சரி, வந்ததற்குச் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நடக்கத் தொடங்கினார்.

"நீங்க சொன்னதுங்கம்மா?"

"நான் என்னத்தைச் சொன்னேன்?"

"திருடன்னு சொன்னீங்க. நான் என்ற தப்பை இத்தனை பேர் முன்னால ஒத்துக்கிட்டனுங்க. இவன் திருடலைன்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

தப்பு உன்னுடையதுதான் என்று நீயே சொல்லிவிட்டாய், அதற்குமேல் நான் வேறு சொல்ல வேண்டுமா, ஏதோ கோபத்தில் வந்த பேச்சு என்று ராமாமணி பொதுவாக முனகினார். சீனிவாசலு, விடப்பா, பொம்பளைப் பேச்சு என்று நடுவில் புகுந்தார். ஆறுச்சாமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. வாழ்நாளில் அவர் குரல் அவ்வளவு மரியாதையாக இருந்ததே கிடையாது.

"அப்ப அந்த மொளகா இனி உங்களுக்கு வேண்டாமுங்களே. எனக்குக் குடுங்க."

அந்த மரியாதையில் ஏமாந்து ராமாமணி பொட்டலத்தை நீட்டிவிட்டார். கை மாறிய பிறகுதான் என்ன கொடுத்தோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் ஆறுச்சாமி கூட்டத்தில் நுழைந்துவிட்டார்.

அரைக்கிற கல்லில் மிளகாயைக் கொட்டித் தண்ணீர் தெளித்து அரைத்தார். நெடி ஏறிப் பக்கத்தில் நின்றவர்கள் தும்மினார்கள். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது நெடியா, வேறு எதுவுமா என்று அவரைக் கேட்டால் திட்டுவார். ராமாமணி தட்டுத்தடுமாறிப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. சீனிவாசலு வெளியிலிருந்து கூப்பிடுவது கேட்டும் அவர் திரும்பவில்லை.

விழுதை வழித்து எடுத்துக்கொண்டு ஆறுச்சாமி நீதிக்கல்லுக்கு முன்னால் போய் நின்றபோது, ராமாமணி குனிந்து அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"சரி, நீ எடுக்கலை. நான் சொன்னது தப்பு. போதுமா?"

"ஆத்தாளுக்கு அது முன்னமே தெரியுமுங்க. என்ற தெருவுக்குத்தான் தெரியாது."

சொல்லிவிட்டு விழுதைக் கல்லில் பூசினார். அவசரப்படவில்லை, ஒரு இடம் விடாமல் பூசினார். வழக்கு தீர்ந்ததும் பூசியவரே திரும்பி வந்து அந்தக் கல்லில் இருக்கும் அம்மனுக்கு எண்ணெய் சாத்திக் குளிர்விக்க வேண்டும். அதுவரைக்கும் எரிச்சல் அடங்காது. ராமாமணிக்கு அது தெரியும். தன் கையால் இங்கே அரைக்கத்தானே அவரும் வந்தார்.

"எப்ப வந்து எண்ணெய் சாத்துவே?" என்று கேட்டார்.

"அது உங்க கையில இருக்குதுங்கம்மா. அன்னைக்கு என்ற கடை முன்னால எங்க நின்னீங்களோ அங்க வந்து நில்லுங்க. அன்னைக்கு எத்தனை சத்தமாச் சொன்னீங்களோ அத்தனை சத்தமாச் சொல்லுங்க. அடுத்த பஸ்ஸுக்கே எண்ணெயோட வாரேன்."

கை இரண்டும் தீயாக எரிய, அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். ராமாமணி பாவம் என்று யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும், ஆறுச்சாமிக்குத் தோன்றவில்லை. சீனிவாசலு வெளியே ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். ராமாமணி அந்தக் கல்லை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தார்.